முன்ஷி அப்துல்லா: உழைத்துப் பெற்ற மொழி

முதுகலைத் தமிழ் மாணவர்களுக்கு அயலகத் தமிழ் இலக்கியம் என்றொரு தாளைச் சில ஆண்டுகளாக நடத்தி வருகிறேன். இலங்கை, மலேசியா, சிங்கப்பூர், ஐரோப்பா, கனடா என்று பாடப்பரப்பு விரிந்துகொண்டே போகும். ஆனால் எல்லாவற்றுக்கும் பொதுவாக இரண்டு நிபந்தனைகள் உண்டு. எழுதியவர் தமிழராக இருக்க வேண்டும். எழுதியது தமிழாக இருக்க வேண்டும். இரண்டில் ஒன்று குறைந்தாலும் அந்தத் தாளில் இடமில்லை. அப்படியானால், தமிழ்க் கரையிலிருந்து போன ஒரு குடும்பத்தில் பிறந்து, வேறொரு மொழியில் எழுதி, அந்த மொழியின் புதிய உரைநடைக்கே தொடக்கமாக அமைந்துவிட்ட ஒருவரை எங்கே வைப்பது? இந்தக் கேள்வியை எனக்குள் எழுப்பியவர் 1796இல் மலாக்காவில் பிறந்த அப்துல்லா பின் அப்துல் காதிர். இலக்கிய வரலாறு அவரை முன்ஷி அப்துல்லா என்று அறியும். நவீன மலாய் இலக்கியத்தின் தந்தை என்று அவரைக் குறிப்பிடுவது மலேசியாவில் நெடுநாளைய வழக்கம்.

நண்பர்களிடம் இவரைப் பற்றிச் சொல்லும்போதெல்லாம் முதலில் வரும் எதிர்வினை ஒன்றுதான்: "அப்படியானால் அவர் நம்மவர்!" அந்த மகிழ்ச்சி எனக்கும் புரியாததல்ல. நான் பணிபுரியும் கல்லூரியிலிருந்து நாகூருக்குப் பேருந்தில் ஒரு மணி நேரம். அப்துல்லாவின் முன்னோர் கதை அந்த நாகூரில்தான் தொடங்குகிறது. இருந்தும், அவருடைய தன்வரலாற்றை ஹில்லின் ஆங்கில மொழிபெயர்ப்பில் (1955) படித்து முடித்தபிறகு, 'நம்மவர்' என்னும் இந்தச் சொல் அவரைப் பற்றி மிகக் குறைவாகவே விளக்குகிறது என்ற எண்ணம் எனக்கு வலுப்பட்டிருக்கிறது. இரத்தத்தைக் காட்டி நாம் உரிமை கொண்டாடும் அந்த மனிதரோ, ஒரு மொழிக்கு உரியவராவது இரத்தத்தால் அல்ல என்பதற்குத் தம் வாழ்க்கையையே சான்றாக விட்டுச் சென்றவர்.

குடும்ப வரலாற்றை அவரே சொல்கிறார். பூட்டனார் ஏமன் நாட்டு அரபியர். ஷேக் அப்துல் காதிர் என்பது பெயர். மார்க்கமும் மொழியும் கற்பிக்கும் ஆசிரியராக நாகூருக்கு வந்து அங்கேயே மணம் முடித்தார். அவருடைய மக்களில் ஒருவரான முகம்மது இப்ராகிம் மலாக்காவுக்குப் போய்க் குடியேறினார். அங்கே அவர் மணந்த பெண்ணின் பெயர் பெரியாச்சி. மலாய் உச்சரிப்பில் 'பெரி ஆச்சி' என்று எழுதப்பட்டிருக்கும் அந்தப் பெயரைக் கண்டவுடன் தஞ்சை, நாகை வட்டாரத்து வாசகர் எவரும் ஒரு கணம் நிற்கவே செய்வார். அவர் ஷேக் மீரா லெப்பையின் மகள். இவர்களுடைய பேரன்தான் நம் அப்துல்லா. அரபு, தமிழ், மலாய் ஆகிய மூன்றும் கலந்த இத்தகைய குடும்பங்களை ஜாவி பெரானாக்கான் என்று அழைத்தார்கள்.

பெரியாச்சி பாட்டி சாதாரணப் பெண்மணி அல்லர். மலாக்காவின் கம்போங் பாலியில் ஏறத்தாழ இருநூறு பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதக் கற்றுக்கொடுத்தவர். அப்துல்லாவுக்கு முன் பிறந்த நான்கு ஆண்குழந்தைகளும் சிறுவயதிலேயே இறந்துபோயின. ஐந்தாவதாகப் பிறந்த இவரும் நோயாளிக் குழந்தை. பிழைக்க வேண்டும் என்பதற்காக வேறு குடும்பங்களுக்கு 'விற்று', பல பெண்கள் பால்கொடுத்து வளர்த்ததை அவர் பதிவு செய்திருக்கிறார். பிழைக்காத பிள்ளையைத் தவிட்டுக்கு விற்று வாங்கும் வழக்கம் நம் ஊர்களிலும் இருந்ததால் இந்தப் பகுதி நமக்கு அந்நியமாகத் தோன்றுவதில்லை.

அவருடைய கல்வியைப் பற்றிய பகுதி எனக்கு மிக முக்கியமானது. சிறுவன் அப்துல்லா தமிழ் படிக்க அனுப்பப்பட்டான். இரண்டரை ஆண்டுகள் படித்தான். ஏன் தமிழ்? மலாக்காவின் வசதியான குடும்பங்கள் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிப்பது முன்னோர் காலத்திலிருந்தே வழக்கம் என்கிறார். கணக்கு எழுதுவதற்கும் வணிகரோடு பேசுவதற்கும் தமிழ் வேண்டியிருந்தது. மலாக்கா அன்று தமிழ் வணிகர்களால் நிறைந்திருந்தது. அந்த வணிகத்தால் செல்வரானவர் பலர். தென்கிழக்காசியத் துறைமுகம் ஒன்றில் செல்வத்தின் மொழியாக, பேரேட்டின் மொழியாகத் தமிழ் இருந்த காலம் அது. இன்று ஆங்கிலத்துக்காகப் பெற்றோர் என்ன பாடுபடுகிறார்களோ, ஏறத்தாழ அதே காரணத்துக்காக ஒரு மலாக்கா தந்தை தம் மகனைத் தமிழ் படிக்க வைத்தார்.

வகுப்பில் இந்த இடத்தை நான் விளக்கியபோது ஒரு மாணவி கேட்டாள்: "அப்படியானால் வீட்டில் அவர்கள் தமிழ் பேசவில்லையா சார்?" கூர்மையான கேள்வி. பிள்ளையை வெளியே அனுப்பிப் படிக்க வைக்கிற மொழியாகத் தமிழ் ஆகிவிட்டது என்றால், அந்த வீட்டில் அது ஏற்கெனவே பாட்டியின் பெயரிலும் தந்தையின் கணக்கு நோட்டிலும் போய் ஒதுங்கிவிட்டது என்றுதானே பொருள்? குடிபெயர்ந்த குடும்பங்களில் மூன்றாம் தலைமுறைக்குள் மொழி எப்படி இடம் மாறுகிறது என்பதற்கு இதைவிடச் சுருக்கமான சான்று தேட வேண்டியதில்லை.

தமிழுக்கு ஆசிரியர் இருந்தார், அரபுக்கு இருந்தார். ஆனால் மலாய் மொழிக்குப் பள்ளி இல்லை. இதைத்தான் அப்துல்லா தம் நூல் நெடுகச் சொல்லிச் சொல்லி ஆற்றாமைப்படுகிறார். உலகத்து இனத்தார் எல்லாரும் தங்கள் மொழியைக் கற்கிறார்கள். மலாய்க்காரர் மட்டும், இது நாம் பேசுகிற மொழிதானே, இதை எதற்குத் தனியாகக் கற்க வேண்டும் என்று இருந்துவிடுகிறார்கள் என்பது அவர் குற்றச்சாட்டு. அவர் தேடித் தேடிக் கற்றார். பழைய ஏடுகளைப் படித்தார். சொல்லறிந்தவர்களிடம் போய்க் கேட்டார். ஒரு சொல்லை எழுத்தில் எப்படி வடிப்பது, எந்த இடத்தில் எந்தச் சொல் பொருந்தும் என்பதையெல்லாம் அயலான் ஒருவன் கற்பதைப் போலக் கற்றார்.

அந்த வரிகளைப் படிக்கும்போது நான் ஒரு தமிழாசிரியனாகவே படித்தேன். ஒவ்வோர் ஆண்டும் சேர்க்கை நாள்களில் எங்கள் துறையின் முன்னால் நான் கேட்கிற வாசகம் இதுதான். ஓர் ஆண்டு, தமிழில் நல்ல மதிப்பெண் பெற்ற மகளை அழைத்துக்கொண்டு வந்த தந்தை ஒருவர், மிகுந்த பணிவோடு என்னிடம் சொன்னார்: "தமிழ்ல படிக்கிறதுக்கு என்னங்க சார் இருக்கு? வீட்ல பேசுறதுதானே." அவர் சொன்னதில் ஏளனம் எதுவும் இல்லை. உண்மையாகவே அவருக்கு அது புரியவில்லை. கையில் இருப்பதைப் போய் யாராவது கடைக்குப் போய் வாங்குவார்களா என்பது போன்ற நியாயமான ஐயம். அந்தப் பெண் தலைகுனிந்து நின்றாள். பிறகு வேறு துறையில் சேர்ந்தாள். பேசுகிற மொழிக்கும் எழுதத் தெரிந்த மொழிக்கும் நடுவே இருக்கும் தொலைவை அந்தத் தந்தைக்கு என்ன சொல்லி விளக்குவது? அப்துல்லாவின் வாழ்க்கை முழுவதும் அந்தத் தொலைவை நடந்து கடந்ததன் வரலாறுதான்.

எழுதத் தெரிந்தவன் என்று அவர் தந்தையால் ஏற்கப்பட்ட நாளை அப்துல்லா விரிவாகச் சொல்கிறார். சியாக்கிலிருந்து வந்த கப்பல் தலைவர் ஒருவர் கடன் பத்திரம் எழுத வேண்டித் தந்தையைத் தேடி வருகிறார். தந்தை வீட்டில் இல்லை. சிறுவன் தானே எழுதித் தருவதாகச் சொல்லி எழுதிக் கொடுத்துவிடுகிறான். கூலியும் கிடைக்கிறது. தந்தை திரும்பி வந்து பத்திரத்தைப் பார்க்கிறார். முகத்தில் எதையும் காட்டிக்கொள்ளவில்லை, கடுமையாகவே நடந்துகொள்கிறார். ஆனால் பிறகு மனைவியிடம் பேசும்போது, இன்றைக்குத்தான் நமக்கு மகன் பிறந்ததைப் போல இருக்கிறது என்ற பொருள்படச் சொல்லி மகிழ்வதை மகன் மறைவில் நின்று கேட்டுவிடுகிறான். பாராட்டை நேரில் சொன்னால் பிள்ளை கெட்டுவிடும் என்று நம்பிய நம் தலைமுறைத் தந்தையர் எத்தனை பேரை இந்த ஒரு காட்சியில் பார்க்கிறோம்! நான்கு பிள்ளைகளைப் பறிகொடுத்த வீட்டில், மகன் 'பிறந்தது' ஒரு மலாய்ப் பத்திரத்தை எழுதிய அன்று என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

அதன்பின் அவர் வாழ்க்கை எழுத்தும் கற்பித்தலும்தான். மலாக்கா கோட்டையில் இருந்த இந்தியச் சிப்பாய்களிடமிருந்து இந்துஸ்தானி கற்றுக்கொண்டார். அவர்களுக்கு மார்க்கக் கல்வி கற்பித்தார். ஆசிரியன் என்ற பொருளில் 'முன்ஷி' என்று அவரை முதலில் அழைத்தவர்கள் அவர்களே. 1810ஆம் ஆண்டின் இறுதியில் ஸ்டாம்ஃபோர்டு ராஃபிள்ஸ் ஜாவா படையெடுப்புக்கான ஏற்பாடுகளுக்காக மலாக்கா வந்தபோது, அவருடைய எழுத்தர் குழுவில் மிக இளையவராக அப்துல்லா சேர்ந்தார். மலாய் அரசர்களுக்குப் போகும் கடிதங்களை எழுதுவதும், ராஃபிள்ஸ் திரட்டிய மலாய் ஏடுகளைப் படியெடுப்பதும் வேலை. அந்த ஏடுகளில் மிகப் பல 1824இல் 'ஃபேம்' என்ற கப்பல் தீப்பிடித்தபோது கடலோடு போயின. கையெழுத்துப் படிகள், வேறு பிரதி கிடையாது. அந்த இழப்பை நினைத்து அப்துல்லா வருந்தும் பக்கங்களைப் படிக்கும் தமிழ் வாசகருக்கு, ஏடு தேடி ஊர் ஊராக அலைந்த உ.வே.சாமிநாதையர் நினைவுக்கு வருவது இயல்பு.

1815இல் வில்லியம் மில்ன் என்ற பாதிரியார் மலாக்கா வந்தார். ஆங்கிலோ சீனக் கல்லூரி 1818இல் தொடங்கப்பட்டது. அச்சுக்கூடமும் வந்தது. அப்துல்லா பாதிரிமாருக்கு மலாய் கற்பித்தார்; அவர்களிடம் ஆங்கிலமும் அச்சுத்தொழிலும் கற்றார். மகன் மதம் மாறிவிடுவானோ என்று பெற்றோர் கலங்கினார்கள். ஊரார் அவருக்கு 'அப்துல்லா பாதிரி' என்றே பட்டப்பெயர் வைத்தார்கள். அவரோ இறுதிவரை இஸ்லாமியராகவே வாழ்ந்தவர். தமிழ்ச்சாயல் கொண்ட மலாய் ஆசிரியர், பாதிரிமாரோடு பழகும் இஸ்லாமியர், ஆங்கிலேயருக்கு எழுதிக்கொடுக்கும் உள்ளூர்க்காரர் என்று எந்த வட்டத்திலும் அவர் முழுதாகப் பொருந்தவில்லை. அந்தப் பொருந்தாமையே பின்னால் அவருக்குக் கண்ணாக அமைந்தது என்று நினைக்கிறேன்.

இந்தக் காலத்து நிகழ்வுகளில் ஒன்றை இங்கே சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். தோம்சென் என்ற பாதிரியாருக்கு விவிலிய மொழிபெயர்ப்பில் அப்துல்லா உதவினார். தோம்சென் ஆங்கில வாக்கிய அமைப்பை அப்படியே மலாயில் கொண்டுவர விரும்பினார். அப்துல்லா தடுத்தார். சொற்கள் மலாய்ச் சொற்கள்தாம். ஆனால் மலாய்க்காரர் இப்படிப் பேச மாட்டார்கள் என்று வாதிட்டார். பாதிரியார் கேட்கவில்லை. பிழைகள் அச்சேறின. நாளைக்கு இதைப் படிப்பவர்கள் தம்மைக் குறை சொல்வார்களே என்ற கவலையில், அந்தப் பிழைகளுக்குத் தாம் பொறுப்பல்லர் என்று தன்வரலாற்றில் எழுதி வைத்துவிட்டார். காட்சியை எண்ணிப் பாருங்கள். மேசையின் ஒருபக்கம் ஐரோப்பியர். மறுபக்கம் நாகூர் வழிவந்தவர். இருவருக்கும் மலாய் பிறப்புரிமை அல்ல. ஆனால் 'இது மலாய் அல்ல' என்று சொல்லும் உரிமை ஒருவருக்கு இருந்தது. அதை அவர் உழைத்துச் சம்பாதித்திருந்தார். மொழி ஒருவருக்குச் சொந்தமாவது எப்போது என்று கேட்டால், அந்த மொழியில் ஒரு வாக்கியம் பிழைபடும்போது உடம்பில் அடிபட்டதைப் போல அவர் துடிக்கும்போது என்றே நான் சொல்வேன்.

ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் பிறருக்காகவே எழுதினார். கடிதங்கள், விண்ணப்பங்கள், பத்திரங்கள். எல்லாவற்றிலும் 'நான்' என்று வரும். ஆனால் அந்த 'நான்' கூலி கொடுத்தவர். ஆல்ஃப்ரெட் நார்த் என்ற அமெரிக்கப் பாதிரியார்தான், உன் சொந்த வாழ்க்கையை ஏன் எழுதக் கூடாது என்று தூண்டினார். 1843இல் 'ஹிகாயத் அப்துல்லா' எழுதி முடிக்கப்பட்டு, 1849இல் சிங்கப்பூரில் கல்லச்சில் வெளிவந்தது. ஹிகாயத் என்பது மலாய் மரபில் அரசர்களுக்கும் வீரர்களுக்கும் உரிய கதைவடிவம். எழுதியவர் பெயர் பெரும்பாலும் இராது. தேவகணங்களும் மாய அம்புகளும் இருக்கும். அந்தத் தலைப்பின் பக்கத்தில் ஒரு கூலி எழுத்தர் தம் பெயரை எழுதினார். நம் மரபில் சொல்வதானால், பரணி பாட வேண்டிய இடத்தில் பட்டோலை எழுதுபவன் தன் கதையைச் சொல்லத் தொடங்கியதைப் போன்றது இது.

தமிழில் இதற்கு இணை தேடினால் புதுச்சேரி துபாஷி ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்புதான் என் நினைவுக்கு வருகிறது. 1736 முதல் 1761 வரை எழுதப்பட்டது. அதுவும் ஐரோப்பிய அதிகாரத்தின் நிழலில் நின்ற ஒருவர், கண்டதையும் கேட்டதையும் எழுதியதுதான். ஆனால் வேறுபாடு பெரிது. பிள்ளை எழுதியது அவர் பெட்டியில் இருந்தது. அவர் இறந்து நெடுங்காலம் கழித்தே வெளியுலகுக்கு வந்தது. அப்துல்லாவோ அச்சுத்தொழில் தெரிந்தவர். முகம் தெரியாத வாசகரை மனத்தில் வைத்து எழுதியவர். அதனால்தான் அவர் எழுத்தில் அடிக்கடி வாசகரைக் கூப்பிட்டு நிறுத்துகிறார், அறிவுரை சொல்கிறார், சில இடங்களில் தம்மைத் தாமே மெச்சிக்கொள்ளவும் செய்கிறார். அந்தத் தற்பெருமை சற்று அலுப்பூட்டக்கூடியதுதான். ஆனால் அடுத்த பக்கத்திலேயே ஒரு காட்சி வந்து அதை மறக்கடித்துவிடும்.

காட்சிகளுக்கு அந்த நூலில் குறைவே இல்லை. 1807இல் மலாக்கா கோட்டையை ஆங்கிலேயர் வெடிவைத்துத் தகர்த்தபோது பாறைகள் பறந்ததைச் சிறுவனாக அவர் பார்த்தது; மிண்டோ பிரபு 1811இல் வந்தபோது டச்சுக்காரர் காலத்துச் சித்திரவதைக் கருவிகளை அழிக்கச் செய்தது; சிங்கப்பூரில் சீனர்களின் இரகசியக் கூட்டத்தைக் காண உயிருக்கு அஞ்சாமல் காட்டுக்குள் போனது; 1830ஆம் ஆண்டுத் தீவிபத்தில் தம் உடைமைகளை இழந்து, அதையே செய்யுளாகப் பாடியது; அமெரிக்கப் போர்க்கப்பல் ஒன்றில் வந்த மருத்துவர் வெள்ளித் தகட்டில் ஊரையே படமாகப் பிடித்துக் காட்டியதைக் கண்டு வியந்தது. எல்லாவற்றையும் அளந்து, எண்ணி, பெயர் சொல்லி எழுதுகிறார். பேரேடு எழுதப் பழகிய கை அது.

1838இல் சிங்கப்பூர் வணிகர்களின் சரக்குகள் கிளந்தானில் உள்நாட்டுச் சண்டையால் முடங்கியபோது, கடிதங்களோடு அனுப்பப்பட்டவர்களில் அப்துல்லாவும் ஒருவர். பகாங், திரங்கானு, கிளந்தான் என்று மலாய்க் கிழக்குக் கரையோரம் போன அந்தப் பயணத்தை அதே ஆண்டு நூலாக்கினார். வளம் நிறைந்த மண்ணில் மக்கள் ஏன் வறியவராக இருக்கிறார்கள் என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே போகிறார். கிடைக்கும் விடை, உழைத்துச் சேர்த்தால் அரசனின் ஆட்கள் பறித்துக்கொள்வார்கள் என்பது. அரண்மனை முன்னால் குடை பிடிக்கக் கூடாது, செருப்பு அணியக் கூடாது, மஞ்சள் ஆடை கூடாது என்ற தடைகளைக் கேட்டு எரிச்சலடைகிறார். குடிகளின் அழுக்குக்கும் அறியாமைக்கும் தடை இல்லையே என்பது அவர் கேள்வி. மலாய் மொழியில் அரசர்களைப் பெயர் சொல்லிக் கண்டித்த உரைநடை அதற்கு முன் இப்படி எழுதப்பட்டதில்லை.

இதனாலேயே அவர் மீது இன்றும் தீராத வழக்கு ஒன்று இருக்கிறது. ஆங்கிலேயரை மெச்சினார், மலாய்க்காரரை இழித்தார், அவர் மலாய்க்காரரே அல்லர் என்று மலாய்த் தேசியச் சிந்தனையாளர் பலர் எழுதியிருக்கிறார்கள். அந்தக் குற்றச்சாட்டை முழுதாகத் தள்ளிவிட முடியாது. கொடுங்கோல் மன்னரைக் கண்ட அந்தக் கண், கம்பெனியின் பேராசையை அதே கூர்மையோடு காணவில்லை. தமக்குச் சோறிட்ட கைகளை அவர் அதிகம் ஆராயவில்லை. அவருடைய மலாயிலும் அயல்சாயல் இருக்கிறது என்று குறை காண்போர் உண்டு. ஆனால் அதே மொழிநடைதான் காலனிய அதிகாரிகளின் மலாய்த் தேர்வுக்கும் பள்ளிகளுக்கும் நெடுங்காலம் பாடமாக இருந்தது. குறையும் சாதனையும் ஒரே இடத்தில் பிறந்தவை. உள்ளே பிறந்தவனுக்கு அரசனின் குடைத்தடை கண்ணுக்கே தெரிந்திராது, அயலானுக்குத் தெரிந்தது. அதே அயல்நிலை ஆங்கிலேயரை அவருக்கு நெருக்கமாக்கவும் செய்தது.

சிங்கப்பூரில் நில அளவையாளராக இருந்த ஜான் டர்ன்புல் தாம்சன் அப்துல்லாவிடம் மலாய் பயின்றவர். 1874இல் ஹிகாயத்தின் பகுதிகளை ஆங்கிலத்தில் தந்தவரும் அவரே. தம் ஆசிரியரின் தோற்றத்தை அவர் தீட்டியிருக்கிறார்: சற்றே முன்வளைந்த மெலிந்த உடல், செம்பு நிறம், நீண்ட முகம், எடுப்பான மூக்கு, ஒரு கண்ணில் சிறு மாறுகண், தென்னிந்தியத் தமிழரின் சாயல். உடை மலாக்காத் தமிழர் உடை. அரபியரின் மிடுக்கும் இந்துக்களின் விடாமுயற்சியும் அவரிடம் இருந்தன, மொழியாலும் பரிவாலும் மட்டுமே அவர் மலாய்க்காரர் என்பது தாம்சனின் கணிப்பு. இனக்குணங்களைப் பட்டியலிடும் அந்தக் காலத்து வெள்ளையர் பார்வை அதில் இருக்கிறது. என்றாலும் அந்த 'மட்டுமே' என்னும் சொல் என்னை வெகுநேரம் யோசிக்க வைத்தது. ஓர் எழுத்தாளருக்கு மொழியும் பரிவும் போக வேறென்ன மிச்சம் இருக்கிறது?

இத்தனைக்கும் நடுவே தமிழ் ஒருமுறை அவர் பேனாவுக்குள் வந்தது. 1835இல் பஞ்சதந்திரக் கதைகளைத் தமிழ்வழியாக அவர் மலாயாக்கினார். தம்பிமுத்து என்று தொடங்கும் பெயருடைய தமிழ் நண்பர் ஒருவர் அதற்குத் துணைசெய்தார். இரண்டரை ஆண்டுகள் படித்த தமிழ் கணக்கெழுதப் போதும். கதை எழுத நண்பர் வேண்டியிருந்தது போலும். கணக்குக்காகக் கற்ற மொழியை ஒரே ஒரு தடவை கதைக்காக அவர் திறந்து பார்த்தார். நம் பாடத்திட்டக்காரர்கள் அவருக்கு இடம் தர விரும்பினால், மொழிபெயர்ப்பியல் தாளில் இந்த ஒரு நூலை வைத்தே தொடங்கலாம்.

அவரைப் போல மலாயில் எழுதிய இந்திய வம்சாவளியினர் பின்னாளிலும் உண்டு. தைப்பிங் பகுதியில் 1972இல் பிறந்த உதயசங்கர் எஸ்.பி. மலாயில் எழுதிய கதைத் தொகுப்பொன்றுக்குச் 'சிறு கம்பம்' என்றே தமிழில் பெயரிட்டார். 1999இல் காவ்யன் என்னும் எழுத்தாளர் குழுவையும் தொடங்கினார். இவர்களுக்கு நேரும் இக்கட்டு இருமுனை கொண்டது. மலேசியாவில் தேசிய இலக்கியம் என்பது மலாயில் எழுதப்பட்டதே. தமிழில் எழுதினால் அது ஓர் இனப்பிரிவின் இலக்கியம். எனவே நாட்டின் பொதுவெளிக்குள் பேச வேண்டுமானால் மலாயில் எழுத வேண்டும். எழுதினாலோ, இங்கிருந்து பார்க்கும் நமக்கு அவர்கள் தமிழ் எழுத்தாளர் அல்லர்; அங்கே சிலருக்கு அவர்கள் மலாய் எழுத்தாளரும் அல்லர். அப்துல்லா அன்று நின்ற அதே இடம். நாட்டின் சட்டமும் கொடியும் மாறியிருக்கின்றன. நிற்கும் இடம் மட்டும் மாறவில்லை.

1854இல் அப்துல்லா ஹஜ் பயணம் புறப்பட்டார். அந்தப் பயணத்தையும் எழுதிக்கொண்டே போனார். குமரிமுனைக் கடலில் கப்பல் புயலில் சிக்கித் தத்தளித்ததை அதில் விவரிக்கிறார். பாட்டனாரின் நிலத்தை ஒட்டிய கடல் அது. ஆனால் எழுத்தில் இருப்பது அலைக்கு அஞ்சிய ஒரு பயணியின் நடுக்கம்தான். தாயகம் கண்ட நெகிழ்ச்சி அல்ல. அரேபியாவில் அவர் இறந்துபோக, நூல் பாதியில் நின்றது. மகன் முகம்மது இப்ராகிம் ஜொகூர் அரசில் உயர்பதவி வகித்து, தாமும் மலாயில் பயணநூல் எழுதினார்.

அவரை மீட்டெடுத்து நம் பட்டியலில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பதற்காக இதை நான் எழுதவில்லை. அவர் மலாய் எழுத்தாளர். அதை அவர் உழைத்துப் பெற்றார். அது அவரிடமே இருக்கட்டும். நாம் அவரிடமிருந்து எடுத்துக்கொள்ளக் கூடியது வேறொன்று. பிறப்பால் வந்த மொழியும் கற்றால்தான் நமக்கு உரியதாகும். பாட்டன் தமிழன் என்பதால் அப்துல்லாவுக்குத் தமிழ் வந்துவிடவில்லை. மலாய்க்காரர் என்பதால் அவர் அண்டை அயலாருக்கு மலாய் எழுத வந்துவிடவில்லை. இந்த வாக்கியத்தைச் சேர்க்கை நாளன்று எங்கள் துறைக்கு வந்த அந்தத் தந்தையிடம் சொல்லியிருந்தால் அவர் மனம் மாறியிருப்பார் என்று நான் நம்பவில்லை. ஆனால் வகுப்பில் இருக்கும் பன்னிரண்டு பேருக்குச் சொல்லலாம். ஒவ்வோர் ஆண்டும் அந்தத் தாளின் முதல் வாரத்தில், பாடத்திட்டத்தில் இல்லாத ஒரு மணி நேரத்தை அப்துல்லாவுக்கு ஒதுக்குகிறேன். கடன் பத்திரம் எழுதிய சிறுவனின் கதையைச் சொல்லி முடித்ததும், அவரவர் தந்தைக்குத் தமிழில் ஒரு பக்கக் கடிதம் எழுதி வரச் சொல்வேன். மறுநாள் வரும் கடிதங்களைத் திருத்தித் தருவதில்தான் அந்த ஆண்டின் பாடம் தொடங்குகிறது.